பேப் ஸ்மியரில் தொற்று தெரிந்தால் என்ன அர்த்தம், தெரியாவிட்டால் என்ன அர்த்தம்?

கேள்வி சுருக்கமாக இது. வயது 36, காப்பர் டி போட்டு நான்கு வருடம் ஆகிறது. வெள்ளைப்படுதலுக்காக மருத்துவரிடம் போனபோது பேப் ஸ்மியர் எடுத்தார்கள். அறிக்கையில் ‘என்.ஐ.எல்.எம்., அழற்சி அதிகம், டிரைகோமோனாஸ் வெஜினாலிஸ் காணப்படுகிறது’ என்று வந்திருக்கிறது. புற்றுநோய்க்கான பரிசோதனையில் தொற்று எப்படித் தெரிந்தது? வேறு தொற்று இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? ஒரு தொந்தரவும் இல்லாத கணவர் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும்?

உங்கள் விஷயத்தில், ஸ்மியரில் கண்ட தொற்றை நம்பலாம். அதில் காணாத தொற்றை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவர் மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என்.ஐ.எல்.எம். என்றால் புற்றுநோயோ அதற்கு முந்தைய செல் மாற்றமோ தென்படவில்லை என்று பொருள். பெதஸ்டா முறை என்ற அறிக்கை வடிவத்தில் வரும் சொல் அது. 1988-இல் வகுத்த அந்த முறையைக் கடைசியாக 2014-இல் திருத்தினார்கள். கிருமி எதுவும் கண்ணில் பட்டால் அதையும் இதே தலைப்பின் கீழ்தான் எழுதுவார்கள். அதனால் ‘நெகட்டிவ்’ என்று பார்த்தவுடன் அறிக்கையை மடித்து வைத்துவிடாதீர்கள், அடுத்த வரியையும் படியுங்கள். டிரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, கேண்டிடா பூஞ்சை, பாக்டீரியல் வெஜினோசிஸைக் காட்டும் கிருமி மாற்றம், ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா, ஹெர்பிஸ் வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் ஆகிய ஆறும் அங்கே எழுதக்கூடியவை.

ஜார்ஜ் பாப்பனிகோலாவு, ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து 1941-இல் வெளியிட்ட இந்த முறையின் நோக்கம் கருப்பை வாயின் செல்களைப் பார்ப்பது மட்டுமே. ஆனால் குச்சியால் சுரண்டும்போது செல் தனியாக வருவதில்லை. சளி, வெள்ளணு, கிருமி எல்லாம் சேர்ந்தே ஸ்லைடில் ஒட்டிக்கொள்கின்றன. பார்ப்பவர் புற்றுநோய் செல்லைத் தேடிப் போகும் வழியில் கிருமியையும் பார்த்துவிடுகிறார். தேடாமலே கிடைத்த தகவல் அது. பயனுள்ள தகவல்தான். ஆனால் கிருமியைப் பிடிப்பதற்காக அமைத்த பரிசோதனை இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

டிரைகோமோனாஸ் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். நிறமேற்றிய ஸ்லைடில் அது சாம்பல் கலந்த நீலப்பச்சையில், பேரிக்காய் வடிவில் அல்லது உருண்டையாக, 15 முதல் 30 மைக்ரான் அளவில் இருக்கும். வெள்ளணுவைவிடப் பெரிது, மேல்தோல் செல்லைவிட மிகச் சிறிது. உள்ளே ஒரு ஓரமாக, வெளிறிய நீள்வட்ட உட்கரு. அதைச் சுற்றிச் சிவப்பாகப் பொடிப்பொடியாகத் துகள்கள். உயிரோடு இருக்கும்போது துடிக்கும் சாட்டை போன்ற இழை, ஸ்லைடில் பெரும்பாலும் தெரியாது. இங்கேதான் தவறு நடக்கிறது. சிதைந்த செல் துணுக்கும் சளித் திவலையும் இதே நிறத்தில், இதே அளவில் இருக்கும். உட்கருவைக் கண்ணால் பார்க்காமல் டிரைகோமோனாஸ் என்று எழுதக் கூடாது என்பது இந்த வேலையின் அடிப்படை விதி. அனுபவமுள்ளவர்கள் சில துணைச் சான்றுகளையும் பார்ப்பார்கள். மேல்தோல் செல்லின் மேல் வெள்ளணுக்கள் குண்டு குண்டாகக் குவிந்திருக்கும். செல்லின் உட்கருவைச் சுற்றிச் சின்னதாக ஒரு வெளிர் வளையம் இருக்கும். முடிபோல் நீண்ட லெப்டோதிரிக்ஸ் என்ற பாக்டீரியா பல சமயம் கூடவே இருக்கும்.

எவ்வளவு நம்பலாம்? உண்மையில் டிரைகோமோனாஸ் உள்ள பெண்களில் பேப் ஸ்மியர் சுமாராகப் பத்தில் ஆறு பேரிடம் அதைக் கண்டுபிடிக்கிறது. இல்லாத பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடுகிறது. மூன்றுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரித் தெரியும். எந்த அறிகுறியும் இல்லாத, தொற்று அரிதாக உள்ள 1000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு உண்மையில் தொற்று என்றால் ஆறு பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் முப்பது பேருக்குத் தவறான பாசிட்டிவ் வரும். அதாவது பாசிட்டிவ் வந்த 36 பேரில் உண்மை ஆறுதான். அதே கணக்கை, வெள்ளைப்படுதலோடு வரும் 100 பெண்களில் 20 பேருக்குத் தொற்று உள்ள ஒரு கிளினிக்கில் போடுங்கள். பிடிபடும் உண்மை 12, பொய் இரண்டு அல்லது மூன்று. ஒரே அறிக்கை, ஒரே வாக்கியம், ஆனால் அதன் கனம் வேறு. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது, அழற்சியும் இருக்கிறது. எனவே உங்கள் அறிக்கையை நம்பிச் சிகிச்சை எடுக்கலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர், சாதாரண ஸ்லைடு முறையில் இந்த வரியைப் பார்த்தால், முதலில் வெட் மவுண்ட் (கசிவை உப்புநீரில் கலந்து உடனே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) அல்லது நாட் எனப்படும் மரபணுப் பரிசோதனையால் உறுதி செய்துகொள்வது நல்லது. செல்களைத் திரவத்தில் சேகரிக்கும் திரவ முறை ஸ்மியரில் பின்னணி சுத்தமாக இருப்பதால் பொய் பாசிட்டிவ் குறைவு.

கணவர் விஷயம். டிரைகோமோனாஸ் உடலுறவின் மூலம் பரவுவது. ஆண்களில் பெரும்பாலோருக்கு எரிச்சல்கூட இருக்காது, கிருமி சிறுநீர்க் குழாயில் அமைதியாக இருக்கும். நீங்கள் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் அடுத்த உறவிலேயே திரும்ப வந்துவிடும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களில் பலருடைய கதை இதுதான். பெண்ணுக்கு மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள். ஆணுக்கு 2 கிராம் ஒரே தடவை. பெண்களுக்கும் ஒரே தடவை 2 கிராம் கொடுப்பது பழைய வழக்கம். ஏழு நாள் முறையில் மிச்சத் தொற்று குறைவு என்று தெரிந்த பிறகு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 வழிகாட்டுதலில் அதை மாற்றிவிட்டது. மாத்திரையை மருத்துவர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். இருவரும் முடித்து, அறிகுறி அடங்கும்வரை உறவு வேண்டாம். மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை செய்யுங்கள். மாத்திரை முடித்து மூன்று வாரம் ஆவதற்கு முன்பே மரபணுப் பரிசோதனை எடுத்தால் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் காட்டிவிடலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கும். அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று ஸ்மியர் சொல்லாது, சொல்லவும் முடியாது. இந்த ஒரு வரியை வைத்து வீட்டில் யாரும் யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. மருத்துவர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்வதுதான் நல்ல வழி. அப்படிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கூடவே எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைகளையும் இருவரும் செய்துகொள்ளுங்கள். உடலுறவில் பரவும் தொற்று ஒன்று இருந்தால் மற்றவற்றையும் பார்ப்பது வழக்கம், அதோடு டிரைகோமோனாஸ் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும்.

உங்களிடம் காப்பர் டி இருப்பதால், அடுத்த ஸ்மியரில் ‘ஆக்டினோமைசிஸ்’ என்று வரக்கூடும். பஞ்சு உருண்டை போல, ஓரத்தில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அடர்ந்த கொத்தாக அது தெரியும். காப்பர் டி போட்டவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் இது சாதாரணமாகவே காணப்படும். அடிவயிற்று வலி, காய்ச்சல், அசாதாரணமான கசிவு எதுவும் இல்லையென்றால் காப்பர் டியை எடுக்கவும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த காப்பர் டியை எடுத்துவிட்டு, வேண்டாத கர்ப்பத்தில் போய் நிற்பது தவிர்க்கக்கூடிய துன்பம். வலியோ காய்ச்சலோ இருந்தால் கதை வேறு, உடனே பார்க்க வேண்டும்.

கேண்டிடாவை அடையாளம் காண்பது எளிது. மூங்கில் கணு போன்ற நீண்ட இழைகளும், மொட்டு விட்ட சின்ன உருண்டைகளும் இருக்கும். இழை பல செல்களை ஊடுருவி, ஊசியில் பூக் கோத்ததுபோல வரிசையாகக் குத்தி நிற்கும். ஆனால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பெண்களிடம் இந்தப் பூஞ்சை எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. அரிப்பு, தயிர்போன்ற கசிவு, எரிச்சல் இருந்தால் மட்டுமே மருந்து. புளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரு மாத்திரை, அல்லது குளோட்ரிமசோல் உள்ளே வைக்கும் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு வாய்வழிப் புளூகோனசோல் கூடாது, உள்ளே வைப்பது மட்டும்.

பாக்டீரியல் வெஜினோசிஸில் நல்ல பாக்டீரியாவான லேக்டோபேசில்லஸ் குறைந்து, மற்றவை பெருகிவிடுகின்றன. ஸ்லைடில் மேல்தோல் செல் முழுக்க மணல் தூவியதுபோலக் குட்டிக் கிருமிகள் அப்பியிருக்கும், செல்லின் ஓரம் மங்கிப்போகும். அதைத்தான் குளூ செல் என்கிறோம். பெதஸ்டா இதை ‘கிருமி மாற்றம், வெஜினோசிஸைக் குறிக்கலாம்’ என்றுதான் எழுதச் சொல்கிறது, நோய் என்று முடிவு கட்டச் சொல்லவில்லை. காரணம், ஸ்மியர் எடுப்பது கருப்பை வாயிலிருந்து, இந்த நோய் இருப்பது பிறப்புப் பாதையில். முடிவு கட்ட ஆம்செல் அளவுகோல் உண்டு: மெல்லிய ஒரே சீரான கசிவு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5-க்கு மேல், 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டால் மீன் வாடை, வெட் மவுண்டில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செல்கள் குளூ செல். நான்கில் மூன்று இருந்தால் உறுதி. அறிகுறி இல்லாத வெஜினோசிஸுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை.

ஹெர்பிஸ் அபூர்வமாகத்தான் கிடைக்கும், ஆனால் கிடைத்தால் நம்பலாம். ஒரே செல்லில் பல உட்கருக்கள் ஒன்றோடு ஒன்று நெருக்கி வடிவம் மாறி, உள்ளே பாலடைந்த கண்ணாடிபோல மங்கியிருக்கும். கர்ப்பிணியின் ஸ்மியரில் இது வந்தால் அதே நாளில் பிரசவம் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றும், பிரசவ முறையையே மாற்ற வேண்டி வரலாம்.

இனி, ஸ்மியரில் தெரியாதவை. கிளமிடியா, கொனோரியா இரண்டையும் ஸ்மியர் கண்டுபிடிக்காது. கருமுட்டைக் குழாயை அடைத்துக் குழந்தையின்மைக்குக் கொண்டுபோகும் தொற்றுகளில் முக்கியமானவை இவைதான், ஸ்மியர் மௌனமாக இருப்பதும் இவற்றில்தான். கிளமிடியா செல்லுக்குள் வாழ்வது. முன்பு செல்லுக்குள் தெரியும் குமிழ்களைப் பார்த்துக் கிளமிடியா என்று எழுதினார்கள், அது நம்பத் தகாதது என்று கைவிட்டாயிற்று. இரண்டுக்கும் நாட் பரிசோதனைதான், பிறப்புப் பாதை ஸ்வாப் போதும். சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி ஆகியவை ரத்தத்தில்தான் தெரியும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸையும் ஸ்மியர் நேரடியாகப் பார்ப்பதில்லை, அது செல்லில் விட்ட தடத்தை மட்டுமே பார்க்கிறது. உட்கருவைச் சுற்றி, வெட்டி எடுத்ததுபோலக் கூர்மையான விளிம்புடன் பெரிய வெற்றிடமும், உலர்திராட்சை போலச் சுருங்கிய உட்கருவும் உள்ள செல் அந்தத் தடம். டிரைகோமோனாஸ் ஏற்படுத்தும் சிறு வளையத்தை இதோடு குழப்பிக்கொண்டு, இல்லாத எச்.பி.வி. மாற்றத்தை எழுதிவிடும் ஆபத்து உண்டு.

‘அழற்சி’ என்ற சொல்லுக்கு வருவோம். இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர் என்று மட்டும் வந்து, கிருமி பெயர் எதுவும் இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுப்பது நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது தவறு. வெள்ளணு இருப்பது நோய் அல்ல. மாதவிடாய்க்குச் சற்று முன்பு, காப்பர் டி இருக்கும்போது, பிரசவத்துக்குப் பிறகு, மாதவிடாய் நின்ற பிறகு எல்லாம் வெள்ளணு கூடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் மெலிந்து வருவது இந்த அழற்சி, அங்கே வேண்டியது பரிசோதித்துப் பார்த்து, தேவையானால் ஈஸ்ட்ரோஜன் கிரீம். கிருமியே இல்லாத இடத்தில் மாத்திரை போட்டால், இருந்த லேக்டோபேசில்லஸும் செத்து, இல்லாத பூஞ்சை வந்து சேரும். லேக்டோபேசில்லஸ் சர்க்கரைச் சத்துக்காகச் செல்களைக் கரைத்து, ஸ்லைடில் வெறும் உட்கருக்கள் சிதறிக் கிடப்பதும் தொற்று அல்ல.

அழற்சி உண்மையிலேயே கெடுதல் செய்யும் இடம் வேறு. வெள்ளணுக்கள் மேலே மூடி, 75 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களைப் பார்க்க முடியாமல் போனால் அந்த ஸ்மியர் ‘போதுமானதாக இல்லை’. அது நெகட்டிவ் அல்ல, மறுபடி எடுத்தே ஆக வேண்டும். தொற்றுக்குச் சிகிச்சை எடுத்து, இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள். பயாப்சியில் புற்றுநோய் என்று வந்த சிலருடைய பழைய கோப்பில் மறுபடி எடுக்காமல் விட்ட ஒரு அழற்சி ஸ்மியர் இருப்பதுண்டு. கட்டியின் மேல் சீழும் ரத்தமும் இருப்பதால் புற்றுநோயே அழற்சியாகத் தோன்றக்கூடும். கருப்பை வாயில் கண்ணுக்குத் தெரியும் புண்ணோ, தொட்டால் ரத்தமோ இருந்தால் ஸ்மியர் முடிவுக்குக் காத்திருக்காமல் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்குப் போக வேண்டும்.

ஸ்மியர் எடுக்கும்போது கெட்டுப்போவது எங்கே? எடுப்பதற்கு முந்தைய 48 மணி நேரம் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, கழுவுதல் எதுவும் கூடாது. மாதவிடாய் ரத்தம் இருக்கும்போதும் கூடாது. பிறப்புப் பாதையை விரித்துப் பிடிக்கும் கருவியான ஸ்பெக்குலத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், ஜெல் அதிகமானால் செல்லை மூடிவிடும். அயர் குச்சியைக் கருப்பை வாயில் அழுத்தி முழுச் சுற்று, வாய்க்குழலுக்குள் சிறு பிரஷ் கால் சுற்று முதல் அரைச் சுற்று. பிறகு ஸ்லைடில் தடவி, சில விநாடிகளுக்குள் 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும், குறைந்தது 15 நிமிடம். முகாம்களில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். மேசைக்கு மேலே மின்விசிறி ஓடுகிறது, ஸ்லைடை வைத்துவிட்டுப் பெயர் எழுதப் போகிறார்கள், அதற்குள் ஓரம் காய்ந்துவிடுகிறது. காய்ந்த செல் ஊதிப் பெருக்கும், உட்கரு வெளிறும், டிரைகோமோனாஸ் சளித் திட்டிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகும். பெயரை முன்னாலேயே, ஸ்லைடின் சொரசொரப்பான முனையில், பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

வெள்ளைப்படுதலோடு வந்த பெண்ணுக்கு ஸ்பெக்குலம் உள்ளே இருக்கும்போதே, அதே உட்காரலில் இன்னும் மூன்று நிமிடம் செலவழித்தால் ஸ்மியர் தராத பதில் கிடைக்கும். பிறப்புப் பாதையின் பக்கச் சுவரில் பிஎச் தாளைத் தொடவும். பின்பக்கக் குழிவிலிருந்து ஸ்வாப் எடுத்து ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, கவர்ஸ்லிப் போட்டு உடனே மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும். டிரைகோமோனாஸ் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும். பத்து, இருபது நிமிடம் தாமதித்தால் ஓட்டம் நின்று வெள்ளணுபோலவே ஆகிவிடும், பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஸ்வாபை வேறு கட்டடத்து லேபுக்கு அனுப்பிவிட்டு மதியம் பார்த்தால் ‘இல்லை’ என்றுதான் வரும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நெதர்லாந்து, ஆஸ்திரேலியா 2017-இலும் இங்கிலாந்து 2019-இலும் ஸ்மியருக்குப் பதிலாக எச்.பி.வி. பரிசோதனையை முதல் நிலையாக ஆக்கிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் 30 வயதிலிருந்து அதைத்தான் பரிந்துரைக்கிறது. புற்றுநோயைத் தடுக்க அது சிறந்தது. ஆனால் அதில் டிரைகோமோனாஸும் தெரியாது, கேண்டிடாவும் தெரியாது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் வி.ஐ.ஏ. பரிசோதனையிலும், அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துத் தெரியும் வெண்திட்டை மட்டுமே பார்க்கிறார்கள். அழற்சியும் சில சமயம் மங்கலான வெண்மை காட்டிக் குழப்பும். எனவே கசிவு, அரிப்பு, நாற்றம், உறவின்போது வலி என்று எது இருந்தாலும் ‘ஸ்கிரீனிங் செய்தாயிற்றே’ என்று விட்டுவிடாமல் தனியாகச் சொல்லிப் பரிசோதனை கேளுங்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது: இருவரும் மாத்திரை, கிளமிடியா, கொனோரியாவுக்கு ஒரு நாட், ரத்தப் பரிசோதனைகள். ஸ்மியர் போதுமானது என்று அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்தது வழக்கமான இடைவெளியில். இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டு முதல் நான்கு மாதக் கெடுவில். அப்போது லேப் படிவத்தில் கடைசி மாதவிடாய் தேதி, காப்பர் டி போட்ட வருடம், முந்தைய அறிக்கையில் டிரைகோமோனாஸ் வந்தது, மாத்திரை முடித்த தேதி ஆகிய நான்கையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான படிவங்களில் அந்த இடம் காலியாகவே லேபுக்கு வருகிறது. ஸ்லைடைப் பார்ப்பவருக்கு அது நிரம்பியிருந்தால், எங்கே இன்னும் இரண்டு நிமிடம் நின்று தேட வேண்டும் என்று தெரியும்.